பழைய குடும்பப் படத்தில் ஒரு ரைஃபிள்: அது எதுவென்று கண்டுபிடிப்பது எப்படி

பழைய படம் ஒன்றில் ஒரு தாத்தா ரைஃபிளோடு நிற்கிறார் என்றால் பார்க்கிறவர் கண் உடனே பேரல் நுனிக்குப் போகும். அங்கே பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அடுத்தபடியாகத் தோளில் முட்டும் மரக்கட்டையின் வடிவத்தைப் பார்ப்பார்கள். கட்டை பின்னாளில் மாற்றப்பட்டதாக இருக்கலாம், அல்லது பாதி கோட்டுக்குள் மறைந்திருக்கலாம். பார்க்க வேண்டிய இடம் ட்ரிகரைச் சுற்றி மேலும் கீழுமாக ஒரு சாண் நீளம்தான். தோட்டாவை உள்ளே வாங்கி, பின்பக்கத்தை அடைத்து, வெடிக்க வைத்து, வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் பொறி முழுக்க அந்த ஒரு சாணுக்குள் அடங்கியிருக்கிறது. துப்பாக்கிக்காரர்கள் அதை ஆக்‌ஷன் என்பார்கள். ஒரு தொழிற்சாலை அதன் ஆக்‌ஷனை எளிதில் மாற்றாது. பேரல் மாறும், குறிபார்க்கும் சைட் மாறும், கட்டை மாறும், கடைக்காரர் பொறித்த பெயர்கூட மாறும். ஆக்‌ஷன் அப்படியே இருக்கும். ஆகவே படத்திலுள்ள ரைஃபிளின் வம்சத்தைச் சொல்வது அதுதான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பிரிட்டிஷ் குடும்ப ஆல்பங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வகைப் படம். 1900க்கும் 1939க்கும் இடையில் எடுத்தது. தொப்பி வைத்த ஆண்கள் இரண்டு வரிசையாக, நடுவில் ஒரு பரிசுக் கேடயம், சிலர் கையில் நீளமான, மெலிந்த ரைஃபிள். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா பட்டாளத்தில் இருந்திருக்கிறார்" என்று முடிவு கட்டுவார்கள். பெரும்பாலும் அவர் இருந்தது பட்டாளத்தில் இல்லை, ஊர் ரைஃபிள் கிளப்பில்.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், தொலைவிலிருந்து குறி தவறாமல் சுட்ட போயர் விவசாயிகளிடம் பிரிட்டிஷ் படை பலத்த அடி வாங்கியது. சாதாரணக் குடிமக்களும் சுடப் பழக வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது. தளபதி லார்ட் ராபர்ட்ஸ் அதை முன்னின்று நடத்தினார். 1901இல் தொழிலாளர் ரைஃபிள் கிளப்புகளுக்கான சங்கம் பிறந்தது. மினியேச்சர் ரைஃபிள் கிளப்புகளின் சங்கமாக வளர்ந்த அதுவே 1947இல் தேசிய ஸ்மால்போர் ரைஃபிள் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆலைகள், ரயில்வே பணிமனைகள், தேவாலயக் கூடங்கள் என்று எங்கு பார்த்தாலும் கிளப்புகள் முளைத்தன. அவற்றில் சுட்டது .22 ரிம்ஃபயர், அதாவது 0.22 அங்குலத் துளைக்கான, விளிம்பில் அடித்தால் வெடிக்கும் சிறு தோட்டா. கூடத்துக்குள் 25 கெஜம், வெளியே 50, 100 கெஜம்.

'மினியேச்சர்' என்ற சொல் பலரைத் தடுமாற வைக்கிறது. அது பொம்மைத் துப்பாக்கி இல்லை, சிறுவர்க்கான குட்டி ரைஃபிளும் இல்லை. தோட்டாதான் சிறியது. ரைஃபிள் முழு அளவு, 4 கிலோவைத் தொடும் எடை. படத்தில் நீளமாகத் தெரிகிறதே, இது .22ஆக இருக்காது என்று ஒதுக்கிவிடக் கூடாது.

முதலில் படம்

படத்தைச் சரியாக ஸ்கேன் செய்யாமல் எதையும் தொடங்க வேண்டாம். கைப்பேசியில் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு ஆக்‌ஷனைத் தேடுவது வீண் வேலை. அது சுருக்கி அனுப்பும்போது முதலில் தொலைவது இப்படிப்பட்ட நுண்கோடுகள்தான். தட்டை ஸ்கேனரில் 1200 டிபிஐ, டிஃப் கோப்பு, கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண முறையில். பழுப்பேறிய இடமும் உண்மையான நிழலும் வேறு வேறு என்று வண்ணத்தில்தான் தெரியும். அச்சில் ரைஃபிள் 6 செ.மீ. நீளம் இருக்கிறது என்று வையுங்கள். 1200 டிபிஐயில் அது 2,835 புள்ளிகள். உண்மையில் அது 45 அங்குல ரைஃபிள், அதாவது 114 செ.மீ. என்றால், ஒரு புள்ளிக்கு 0.4 மி.மீ. வருகிறது. போல்ட் என்னும் தாழ்ப்பாள் தண்டின் குமிழையும், பின்பக்கத்தைத் திறக்கும் லீவரின் வாலையும் பிரித்துப் பார்க்க இது தாராளம். 2400க்கு ஏற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, காகிதத்தில் இல்லாத விவரம் வராது. கண்ணாடி நெகட்டிவ் கையில் இருந்தால் மட்டும் 2400 போகலாம்.

பட்டுத்துணி போல் சொரசொரப்பான பரப்புள்ள காகிதமாக இருந்தால், ஒரு முறை நேராகவும் ஒரு முறை 180 பாகை திருப்பியும் ஸ்கேன் செய்யுங்கள். காகிதத்தின் மேடுபள்ளம் போடும் நிழல் இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கம் விழும். படத்திலேயே உள்ள கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவை வைத்துப் படத்தைத் 'தெளிவாக்கும்' செயலிகளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். அவை இருப்பதைக் கூர்மையாக்குவதில்லை. இருக்கக்கூடியதைக் கற்பனை செய்து வரைகின்றன. மங்கிய நிழல் இருந்த இடத்தில் பளபளப்பான போல்ட் கைப்பிடி முளைத்துவிடும். அந்தக் காலத்தில் இல்லாத மாதிரிக்கு அதை வைத்துப் பெயர் சூட்டிவிடுவோம். வெளிச்சம், கான்ட்ராஸ்ட் இரண்டையும் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். மூலப் படத்தை 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பாருங்கள். அது போதும்.

அடுத்த சோதனை, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்பது. டின்டைப் போன்ற நேரடித் தகட்டுப் படங்கள் இயல்பாகவே கண்ணாடிப் பிம்பம் போல் மாறியிருக்கும். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்தாலும் அப்படித்தான். ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணி மேலே வந்து வலப்பக்கம் பொத்தான் விழ வேண்டும். மாறியிருந்தால் படமே மாறியிருக்கிறது. எழுத்துள்ள பதக்கமோ பலகையோ இருந்தால் அதுவே போதும். இதைச் செய்யாமல், "இடக்கைக்காரருக்கென்று செய்த அபூர்வ போல்ட் ரைஃபிள்" என்று எழுதிவிட்டவர்கள் உண்டு. அக்காலக் குறிசுடும் ரைஃபிள்களில் இடப்பக்க போல்ட் மிக அரிது. பொத்தானைப் பார்க்கும்வரை அதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று நிறம். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாடிக் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. செம்பழுப்பு வால்நட் கட்டை படத்தில் கிட்டத்தட்ட கறுப்பாக விழும்; நீலப் பூச்சுள்ள எஃகு அதைவிட வெளுப்பாகக்கூடத் தெரியலாம். எது மரம், எது இரும்பு என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் விளிம்பை வைத்து முடிவு செய்யுங்கள். இரும்பின் விளிம்பு கூர்மையாக, ஒரு வெள்ளைக் கோடு போல் மின்னும்.

அந்த ஒரு சாண்

கேட்க வேண்டிய கேள்விகள் நாலுதான். பக்கவாட்டில் போல்ட் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கிறதா? தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தி வெளியே தெரிகிறதா? ட்ரிகரைச் சுற்றிய வளையமே லீவரா, அல்லது வளையம் தனி, லீவர் தனியா? மேல்கோடு பேரலிலிருந்து நேராக ஓடுகிறதா, இல்லை பின்னால் திமில் போல் எழும்பி இறங்குகிறதா?

போல்ட் இல்லை, சுத்தி இல்லை, திமில் இருக்கிறது, வளையத்துக்குப் பின்னால் கைப்பிடியின் அடியில் ஒட்டினாற்போல் தனி லீவர் ஓடுகிறது என்றால் அது மார்டினி. பிரிட்டிஷ் கிளப் படங்களில் மிக அதிகமாக வருவது இதுதான். சுவிட்சர்லாந்தின் ஃப்ராவென்ஃபெல்டில் பொறிமுறை வளர்த்த ஃப்ரீட்ரிக் ஃபான் மார்டினியின் பெயர் அது. பிரிட்டிஷ் ராணுவம் 1871இல் மார்டினி-ஹென்றியாக ஏற்றுக்கொண்டது. அது ராணுவத்தை விட்டுப் போன பிறகும் ஆக்‌ஷன் சாகவில்லை. பழைய பெரிய உடல்களில் .22 பேரல் பொருத்தி விற்றார்கள். பிறகு .22க்கென்றே சிறிய உடலாகச் செய்தார்கள்.

மார்டினியைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆக்‌ஷன் ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. பக்கங்களில் திருகுத் தலை ஓரிரண்டு தவிர ஒன்றும் இருக்காது. பேரல் அதன் முன்முகத்தில் வந்து முட்டுகிறது. மேல்கோடு அங்கிருந்து பின்னோக்கி ஏறி, பெருவிரல் வைக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் உருண்டு, சட்டென்று மெல்லிய மரக்கைப்பிடிக்குள் இறங்குகிறது. அந்தப் பெட்டிக்குள் ஓர் எஃகுக் கட்டி, பின்முனையில் கீல் போட்டது போல் தொங்குகிறது. லீவரைக் கீழே இழுத்தால் கட்டியின் முன்முனை தாழும், தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியும் இழுபட்டு நிற்கும். அதன் முதுகில் வாய்க்கால் போல் ஒரு பள்ளம். அதில் தோட்டாவை வைத்துப் பெருவிரலால் தள்ளினால் பேரலுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். லீவரை மூடினால் கட்டி எழும்பிப் பின்பக்கத்தை அடைக்கும். ஒரு தோட்டா, ஒரு இழுப்பு. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் கிடையாது.

படத்தில் இந்த லீவரைத்தான் கை மறைத்துவிடும். நிற்பவர் கைப்பிடியைப் பிடித்திருந்தால் சுண்டுவிரலுக்குக் கீழே பாருங்கள். லீவரின் வால் கையைத் தாண்டி ஒரு விரற்கடை நீண்டிருக்கும். மரத்துக்கும் வாலுக்கும் நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி ஒன்று தெரியும். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மார்டினி என்று தெரிந்தபின் பிரிட்டனில் முதலில் நினைக்க வேண்டிய பெயர் பி.எஸ்.ஏ. என்கிற பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். கூம்பாகச் சாய்த்து வைத்த மூன்று ரைஃபிள்கள் அவர்களின் முத்திரை; உடலின் பக்கத்தில் பொறித்திருப்பார்கள், ஆனால் குழுப்படத்தில் அது படிக்கும் அளவுக்கு விழுவதில்லை. முதல் உலகப்போருக்குச் சற்று முன் வந்து கிளப்புகளின் நிலைத்த தோழனானது அவர்களின் 12ஆம் மாதிரி. 29 அங்குலப் பேரல், மெலிந்த முன்கட்டை. 1930களின் கடைசியில் 12/15 வந்தது. முன்கட்டை அகன்று, உள்ளங்கைக்குப் பரப்பாக இருக்கும். இன்னும் தடித்த பேரலும், மரப்பலகை போல் அகன்ற முன்கட்டையும் இருந்தால் 1950இல் தொடங்கிய இன்டர்நேஷனல் வரிசை. ஆக, முன்கட்டையின் அகலமே ஒரு கடிகாரம்: மெலிந்திருந்தால் பழையது, தடித்திருந்தால் புதியது. ஆனால் பி.எஸ்.ஏ. மட்டும் மார்டினி செய்யவில்லை. விக்கர்ஸ் செய்தது, பர்மிங்ஹாமின் கிரீனர் செய்தது, பெல்ஜியத்தின் லியேஜில் ஃப்ராங்கோட் செய்தது. கடைகளும் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. மங்கலான படத்தை வைத்து "சிறிய மார்டினி, பி.எஸ்.ஏ. வகை" என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஆஸ்திரேலியப் பள்ளி மாணவர் அணிப் படமாக இருந்தால் வேறொரு சிறிய மார்டினி வரும். ராணுவ ரைஃபிளைச் சுருக்கியது போன்ற தோற்றம், பேரலின் மேல் ராணுவ முறையிலான மடக்குச் சைட். அது .310 கேடட். பின்னாளில் பல .22ஆக மாற்றப்பட்டன.

சுத்தி வெளியே தெரிந்து, ட்ரிகர் வளையமே லீவராகவும் இருந்தால் அமெரிக்கா பக்கம் திரும்புங்கள்: ஸ்டீவன்ஸ் ஐடியல், வின்செஸ்டர் ஒற்றைத்தோட்டா ரைஃபிள்கள், அதற்கும் முன்பு பல்லார்டு.

வளையமே லீவர், சுத்தி இல்லை, வளையம் வேலைப்பாட்டோடு விரலுக்கு விரல் வளைந்து நிற்கிறது, கட்டையின் அடிப்பகுதி கொக்கி போல் தோளைக் கவ்வுகிறது, கன்னம் படும் இடத்தில் மரம் பெரிதாகப் புடைத்திருக்கிறது என்றால் அது ஜெர்மன் அல்லது சுவிஸ் ஷூட்சன் ரைஃபிள். அந்த ஊர்களில் குறிசுடும் சங்கம் என்பது திருவிழா, ஊர்வலம், மாலை, பட்டம் எல்லாம் சேர்ந்தது. ஜெர்மன் சங்கங்களின் கூட்டமைப்பு 1861இல் கோதா நகரில் தொடங்கியது. சூல் நகரின் ஹேனல் தொழிற்சாலை செய்த ஐட் ஆக்‌ஷன் இவற்றில் புகழ்பெற்றது. மார்டினிக்கு உள்ள திமில் இதற்குக் கிடையாது. மேல்கோடு பேரலோடு ஒழுங்காக ஓடும். ட்ரிகர் வளையத்துக்குள் இரண்டு ட்ரிகர் தெரிந்தால் இந்த வழிதான்: ஒன்றை இழுத்து விறைப்பாக்கிவிட்டு மற்றதைத் தொட்டாலே வெடிக்கும். தோட்டா பெரும்பாலும் 8.15×46ஆர், தொலைவு 175 மீட்டர். இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் ஒன்று சிம்மர்ஷ்டுட்சன். வீட்டுக் கூடத்தில் 15 மீட்டரில் 4 மி.மீ. குண்டு சுடும் துப்பாக்கி. நீளப் பேரல் போலத் தெரிவது பெரும்பாலும் வெறும் உறை. உண்மைப் பேரல் நுனியில் சிறு துண்டாக இருக்கும். பேரலின் நடுவிலோ நுனிப் பக்கமோ தோட்டா வைக்கும் வாயும் சிறு கைப்பிடியும் தெரிந்தால் அதுதான்.

போல்ட் குமிழ் தெரிந்தால் மூன்று வழி பிரிகிறது.

மரம் கிட்டத்தட்ட நுனிவரை ஓடி, நுனியில் தட்டையான இரும்பு மூக்கும் இரண்டு காதுகளும் இருந்தால் அது குட்டை லீ-என்ஃபீல்டு. 44.5 அங்குலம். ஆனால் அதே உடலில் .22 பேரல் போட்ட பயிற்சி ரைஃபிள்கள் ஏராளம். வெளித்தோற்றம் ஒன்றே, மேகசின் பெட்டிகூட அப்படியே தொங்கும். வித்தியாசத்தைப் படத்தில் பிடிக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். .22 துளை 5.6 மி.மீ., .303 துளை 7.7 மி.மீ. வித்தியாசம் 2.1 மி.மீ. 114 செ.மீ. ரைஃபிள் 6 செ.மீ. ஆக விழுந்த படத்தில் எல்லாம் 19 மடங்கு சிறுத்திருக்கும்; அந்த 2.1 மி.மீ. காகிதத்தில் 0.11 மி.மீ. அதுவும் துளை கேமராவைப் பார்த்து இருந்தால். ஆகவே லீ-என்ஃபீல்டு உருவத்தைப் பார்த்துத் தோட்டா இன்னது என்று சொல்லவே கூடாது. நம் வீடுகளில் உள்ள பழைய என்.சி.சி. படங்களுக்கும் இது பொருந்தும். கையில் இருப்பது போர் ரைஃபிளாகவும் இருக்கலாம், அதே உருவத்தில் .22ஆகவும் இருக்கலாம்.

இரண்டாவது, சிறிய ராணுவ ரைஃபிள் போலத் தோன்றும் ஒற்றைத்தோட்டா .22 போல்ட் ரைஃபிள்கள். பிரிட்டனில் 1906இல் போர் அலுவலகம் ஒரு மாதிரியை ஏற்றுக்கொண்டது. விலை குறைவாக, கிளப்புக்கும் பயிற்சிக்கும் ஏற்றதாக. மேகசின் இருக்காது, அடிக்கோடு தட்டையாக ஓடும். ஜெர்மனியில் 1934க்குப் பிறகு வந்த விளையாட்டு மாதிரிகளும் இதே இனம். மவுசர் போர் ரைஃபிளின் சாயலில் செய்த .22கள். "போரில் எடுத்த படம்" என்று குடும்பம் நம்பும் பல படங்களில் இருப்பது இதுதான். போர் மவுசரில் ஆக்‌ஷனின் மேல் தோட்டா வரிசையைச் செருகும் மேடும், இடப்பக்கச் சுவரில் பெருவிரலுக்கான வெட்டும் இருக்கும். .22இல் அந்த இடம் உருண்டையாக, மொழுமொழுவென்று இருக்கும்.

மூன்றாவது, போட்டிக்கென்றே பிறந்த போல்ட் ரைஃபிள். அமெரிக்கக் குடும்பப் படமானால் வின்செஸ்டர் 52 என்று முதலில் நினையுங்கள். 1919இல் நியூ ஜெர்சியின் கால்டுவெல் போட்டியில் தலைகாட்டியது. 28 அங்குலப் பேரல், ட்ரிகர் வளையத்துக்கு முன்னால் சிறிய மேகசின், அதை விடுவிக்கும் பொத்தான் கட்டையின் வலப்பக்கத்தில். 1937இல் ரெமிங்டன் 37 வந்தது. அதற்கு முந்தைய படமென்றால் பின்னது பட்டியலிலிருந்து தானே உதிர்ந்துவிடும்.

காற்றுத் துப்பாக்கியை மறந்துவிட வேண்டாம். பி.எஸ்.ஏ. 1905 வாக்கில் தொடங்கிய காற்று ரைஃபிளுக்கும் லீவர் உண்டு. ஆனால் அது கைப்பிடிக்கு அடியில் இல்லை, பேரலுக்கு அடியில் முன்னோக்கி ஓடும். கட்டைக்கும் பேரலுக்கும் நடுவே தடித்த உருளை இருந்தால், அதற்கு முன்னால் பேரல் சட்டென்று மெலிந்தால், அது காற்றை அழுத்தும் சிலிண்டர்.

சைட் சொல்லும் காலம்

இது போட்டிக்கான ரைஃபிளா என்பதைத் தீர்மானிப்பது சைட். பின்னால், கண்ணுக்கு அருகில், சிறு தட்டு ஒன்று ஆக்‌ஷன் முதுகில் செங்குத்தாக எழுந்து நிற்கும். நடுவில் ஊசித் துளை. பக்கத்திலும் மேலும் திருகுக் குமிழ்கள். படத்தில் அது ஒரு சின்ன முள் போலத் தெரியும். முன்னால், பேரல் நுனியின் மேல், விரல் மோதிரம் அகல ஒரு குட்டிக் குழாய். அதற்குள் தூணோ வளையமோ மாற்றிப் போடலாம். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் வேட்டைக்காகவோ காவலுக்காகவோ வைத்திருந்த துப்பாக்கி இல்லை, குறி சுட்டுப் புள்ளி எடுத்த ரைஃபிள்.

ஆனால் சைட்டை வைத்து ரைஃபிளின் வயதைச் சொல்லக் கூடாது. படத்தின் வயதை மட்டும்தான் சொல்லலாம். 1912இல் வாங்கிய ரைஃபிளில் 1935இல் புதிய பார்க்கர்-ஹேல் சைட் மாட்டுவது எல்லா கிளப்பிலும் நடந்ததுதான். படத்தில் இருக்கும் பொருட்களில் கடைசியாக வந்தது எதுவோ, படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அவ்வளவுதான் தர்க்கம். பேரலின் மேல் ஒல்லியான, மிக நீண்ட தொலைநோக்கிக் குழாய் இரண்டு வளையத்தில் நின்றால் பெரும்பாலும் அமெரிக்கப் பழக்கம். அந்தக் குழாய் அசைவதும் திருகுவதும் வளையத்திலேயே நடக்கும்.

அளவெடுப்பது

ஆளின் உயரத்தை வைத்து ரைஃபிளை அளக்கும் முறை எனக்குப் பிடிக்காது. தாத்தாவின் உயரம் யாருக்கும் சரியாகத் தெரியாது. தொப்பியும் பூட்ஸும் சேர்ந்து 4 அங்குலம் ஏமாற்றும். ரைஃபிளின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிடுவதே நல்லது. பேரல் தொடங்கும் இடத்திலிருந்து நுனிவரை எத்தனை புள்ளிகள், மொத்த நீளம் எத்தனை புள்ளிகள் என்று எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்.ஏ. 12 ஏறத்தாழ 45 அங்குலம், பேரல் 29: விகிதம் 0.64. குட்டை லீ-என்ஃபீல்டு 44.5, பேரல் 25.2: 0.57. மார்டினி-ஹென்றிக் காலாட்படை ரைஃபிள் 49, பேரல் 33.2: 0.68. படத்தில் 2,700 புள்ளிக்கு 1,740 வந்தால் 0.644. லீ-என்ஃபீல்டு இல்லை என்பது உறுதி.

இது எங்கே சறுக்கும்? கட்டை தரையில் ஊன்றி, நுனி பின்னால் சாய்ந்திருந்தால் தொலைவில் உள்ள பேரல் சுருங்கித் தெரியும், விகிதம் 0.02, 0.03 குறையும். ஆகவே 0.64க்கும் 0.62க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மார்டினியா வின்செஸ்டரா என்று வாதாட முடியாது. அதற்கு லீவரையும் போல்ட்டையும்தான் பார்க்க வேண்டும். ரைஃபிள் கேமராவுக்கு நேர் குறுக்காக இருக்கும் படங்களில் மட்டும் இந்தக் கணக்கை நம்புங்கள். குழுப்படத்தில் முன்னால் இரண்டு ரைஃபிள்களைப் பெருக்கல் குறி போல் சாய்த்து வைப்பார்கள். அது நமக்குக் கிடைத்த வரம்: ஒன்றின் இடப்பக்கம், மற்றதின் வலப்பக்கம் இரண்டும் ஒரே படத்தில்.

ரைஃபிளைச் சுற்றியிருப்பது

நடுவில் இருக்கும் கேடயத்தைப் பெரிதாக்குங்கள். அதைச் சுற்றி ஆண்டுக்கு ஒன்றாகக் குட்டிக் கேடயங்கள் பதித்திருப்பார்கள். எத்தனை எழுத்தோடு இருக்கின்றன, எத்தனை வெறுமையாக இருக்கின்றன என்று எண்ணினால் ஆண்டு நெருங்கிவிடும். படம் அஞ்சலட்டையாக அச்சடித்ததா என்று பின்பக்கம் பாருங்கள். பிரிட்டனில் முகவரிக்கும் செய்திக்கும் நடுவில் கோடிட்ட அட்டை 1902 முதல்தான். ஒட்டிய தபால்தலையில் இருப்பது ஏழாம் எட்வர்டா, 1911 முதல் வந்த ஐந்தாம் ஜார்ஜா? அரை பென்னித் தலையா, ஒரு பென்னியா? அட்டைக் கட்டணம் 1918 ஜூனில் அரை பென்னியிலிருந்து ஒரு பென்னியானது.

வீட்டு இழுப்பறையில் வெள்ளித் தேக்கரண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். கிளப் போட்டிகளில் பரிசாகத் தேக்கரண்டி கொடுப்பது பெரு வழக்கம். பிடியில் சங்க முத்திரை இருக்கும். எல்லாவற்றிலும் மேலானது துப்பாக்கிச் சான்றிதழ். 1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிரிட்டனில் ரைஃபிள் வைத்திருந்தவர் காவல்துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அந்தத் தாளில் துப்பாக்கியின் விவரம் இருக்கும். பழைய ரசீதுகளோடு மடித்து வைத்திருக்கும் அந்த ஒரு தாள், பத்துப் படங்களைவிட உறுதியான சாட்சி.

ஆனால் படத்தில் உள்ள ரைஃபிள் அவருடையதே என்று சொல்ல அதுவும் போதாது. கிளப்புக்குச் சொந்தமான இரண்டு மூன்று ரைஃபிளை எல்லோரும் மாற்றி மாற்றிச் சுடுவது வழக்கம். படம் எடுக்கும்போது கைக்கு வந்ததைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். ஸ்டூடியோவில் எடுத்த தனிப்படமானால், துப்பாக்கியே ஸ்டூடியோ சாமானாக இருக்கலாம். பின்னால் தீட்டிய திரை, பக்கத்தில் காகித மரம், வேறு வேறு ஆட்கள் கையில் அதே துப்பாக்கி என்றால் சந்தேகப்படுங்கள்.

படத்தைத் தொடர்ந்து பரணில் ரைஃபிளும் கிடைத்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் காட்டப் போக வேண்டாம். .22 ரிம்ஃபயர் எவ்வளவு பழையதானாலும் பிரிட்டனில் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொன்னபடி செய்யுங்கள்.

முடிவை எழுதும்போது கண்ணால் கண்டதையும் ஊகித்ததையும் இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள். படத்தின் பின்பக்கம் பேனாவால் வேண்டாம், மை ஊடுருவி முன்னால் வரும். அமிலமில்லாத உறையில் போட்டு, உறையின் மேல் மென்மையான பென்சிலால் எழுதினால் போதும். இப்படி:

"கண்டது: ஒற்றைத்தோட்டா, திமிலுள்ள ஆக்‌ஷன், கைப்பிடிக்கு அடியில் தனி லீவர், துளை சைட், நுனியில் குழாய்ச் சைட், மெலிந்த முன்கட்டை. பேரல் விகிதம் 0.64. கேடயத்தில் கடைசி ஆண்டு 1926. ஊகம்: சிறிய மார்டினி, .22, பி.எஸ்.ஏ. 12 அல்லது அதை ஒத்தது. படம் 1926 அல்லது 1927. ரைஃபிள் அவருடையதா, கிளப்புடையதா என்று படத்திலிருந்து தெரியவில்லை."